எஃப்சி தேதியை நம்பி ஸ்கூட்டர் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலைப் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் "அண்ணே, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்று வண்டியோடு வந்து நிற்பது வழக்கம். கூடவே, "எஃப்சி 2033 வரை உண்டும், கொழப்பம் ஒண்ணும் இல்ல" என்று விற்கிறவர் சொன்னதையும் சொல்வார்கள்.

எஃப்சி என்றால் வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறது என்ற சான்று. ஆனால் அந்தத் தேதி, யாரும் வண்டியைச் சோதித்துக் கொடுத்ததல்ல. சொந்த உபயோகத்துக்கான ஸ்கூட்டரைப் புதிதாகப் பதியும்போதே 15 வருடம் கூட்டி ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், போட்டுவிடுகிறார்கள். 2018இல் பதிந்த வண்டி என்றால் 2033. நடுவில் அது லாரியில் மோதினாலும், வெள்ளத்தில் கிடந்தாலும் தேதி அப்படியேதான் இருக்கும். 15 வருடம் முடிந்து, மேலும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். புகைச் சான்று ஒன்றுதான் இடையில் எடுப்பது. அதில் புகையை மட்டும்தான் அளப்பார்கள். பிரேக்கையும் ஃபிரேமையும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

சமீபத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் ஒரு தங்கச்சி ஸ்கூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மீட்டரில் 18 ஆயிரம் சொச்சம். பாடி பளபளவென்று இருந்தது. ஆனால் கிக்கர் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, ஹேண்டில் கிரிப்பில் வரியே இல்லை. 18 ஆயிரம் ஓடிய வண்டி அப்படித் தேயாது. விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னேன். வண்டி நம்பரைத் தட்டியதும், இரண்டு வருடத்துக்கு முன்பு செய்த சர்வீசிலேயே 41 ஆயிரம் என்று வந்தது. அதற்குப் பிறகு விலை பேச என்ன இருக்கிறது? தங்கச்சி அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்திலேயே நின்ற வண்டியை உப்புக் காற்று அடியிலிருந்து தின்றிருக்கும். மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும். குனிந்து, கால் வைக்கும் பலகைக்கு அடியில் போகும் ஃபிரேம் பைப்பையும், ஸ்டாண்டு பிடித்திருக்கும் இடத்தையும் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். இற்றது பொத்தென்று கேட்கும், சில நேரம் உள்ளேயே போய்விடும். அடியில் மட்டும் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் நான் அந்த வண்டியை வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். 2021 நவம்பர் மழையில் தண்ணீரில் நின்ற வண்டிகளும் கைமாறி வந்திருக்கின்றன. சீட்டுக்கு அடியில் ஒயர்கள் சேரும் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும், மூலையில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் குறையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம்; "நாளைக்கு வாறேன்" என்று திரும்பிவிடலாம். களியக்காவிளைக்கு அப்பால் விலை குறைவு என்று கேரள வண்டி வாங்குகிறவர்கள், அந்த ஊர் ஆர்டிஓ தரும் ஆட்சேபனை இல்லை என்ற என்ஓசி சான்றையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பல நேரம் லாபம் என்று ஒன்றும் மிஞ்சாது.

என் மச்சினியின் மகள் பிரிட்டனில் நர்ஸ். அங்கே கார் ஆனாலும் ஸ்கூட்டர் ஆனாலும் மூன்று வருடம் ஆனபின் ஆண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டாம். எதில் தேறவில்லை, அன்றைக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதை அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு யாரும் காசில்லாமல் பார்க்கலாம். அவள் போனில் காட்டினாள். பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன!

இங்கே வருடா வருடம் சோதனை வைத்தால் ஏழை ஜனங்களுக்கு அலைச்சலும் செலவும்தான் கூடும். அதை நான் கேட்கவில்லை. புகைச் சான்றுக்கு வண்டி எப்படியும் போகிறது. அன்றைய கிலோமீட்டரைப் பதிந்து, வண்டி விவரம் பார்க்கும் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் இன்ஷூரன்ஸ் தேதிக்குக் கீழே ஒரு வரியாகக் காட்டினால் போதும். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பாதிப் பேர் தொழிலை மாற்றிவிடுவார்கள்.

அது டெல்லி வரை போக வேண்டிய காரியம், நாளாகும். அதுவரை நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில், பெயர் மாற்றும் கவுண்டர் பக்கம், ஆர்சியில் உள்ள தேதி பதிவுக்காலம் மட்டுமே, வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்கான சான்று அல்ல என்று தமிழில் ஒரு போர்டு வைக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
தக்கலை.