முன்னங்கால் மடங்கிப் பிறந்த கன்று: ஒரு திறந்த மடல்

உறைவிந்து நிலையத்தாருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் கன்று வரவில்லை. கையை விட்டுப் பார்த்த மருத்துவர், முன்னங்கால் இரண்டும் முட்டியில் மடங்கி இறுகியிருப்பதாகச் சொன்னார். இழுத்தெடுத்தபோது உயிர் இருந்தது. கால்களை நீவி நீட்டப் பார்த்தேன். கட்டைபோல அசையவே இல்லை. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. பொழுது சாய்வதற்குள் கன்று அடங்கிவிட்டது. “ஒன்றிரண்டு இப்படிப் பிறக்கத்தான் செய்யும், புதைத்துவிடுங்கள்” என்றார்கள். புதைத்தேன். சினை ஊசியில் போட்ட விந்து எந்தக் காளையுடையது என்று காட்டும் காளை எண்ணைக்கூடக் குறித்து வைக்கவில்லை. இன்றுவரை மனம் ஆறவில்லை.

மடங்கிய காலுக்குக் காரணம் பல. 2011-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட ஷ்மாலன்பர்க் வைரஸைக் கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் பரப்புகின்றன. பசுவுக்குச் சில நாள் காய்ச்சல், கொஞ்சம் பால் குறைவு, அவ்வளவுதான்; மாதங்கள் கழித்துக் கன்று விழும்போதுதான் விபரீதம் தெரியும். இளஞ்சினையில் சில லூபின் செடிகளை மேய்ந்தாலும் கால் கோணும்.

வித்திலும் குறை இருக்கலாம். 2000-ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கில், கழுத்து குறுகி முன்னங்கால் வளைந்த ஹோல்ஸ்டீன் இனக் கன்றுகளின் வம்சத்தைத் தேடிப் போனவர்கள், கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற அமெரிக்கக் காளையில் போய் நின்றார்கள். மகள்களின் பாலுக்காக உலகெங்கும் வாங்கப்பட்ட விந்து அது. காளையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. குறையை மறைவாகச் சுமக்கும் காளையும் பசுவும் சேர்ந்தால்தான், நான்கில் ஒன்று என்ற கணக்கில் அது வெளிப்படும். வம்சப் பதிவேடு இருந்ததால் அதைக் கண்டுபிடித்தார்கள்.

நிலையத்தாரே, காளையின் பால் கணக்கைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறீர்கள். மரபணுச் சோதனை முடிவையும் அதன் பக்கத்திலேயே போடுங்கள்.

மருத்துவர்களே, புதைக்கச் சொல்லுமுன் மாதிரி எடுங்கள். உயிருள்ள கன்றானால், சீம்பால் குடிக்குமுன் ஒரு குழாய் ரத்தம் போதும். நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போவதில்லை. அந்த ரத்தத்தில் அது இருந்தால், வயிற்றுக்குள்ளேயே கிருமி தொட்டிருக்கிறது என்று அர்த்தம். சீம்பால் உள்ளே போய்விட்டால் இந்தச் சான்று கலைந்துவிடும். ரத்தம் எடுத்த கையோடு சீம்பாலைக் கொடுத்துவிடலாம்.

சினை ஊசி போட்ட தேதி, காளை எண், இடையில் வந்த காய்ச்சல், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் எழுதித் தர நாங்கள் தயார். வாங்கி வைக்க உங்களிடம் ஒரு பதிவேடு வேண்டும். என் பசு மறுபடியும் பருவத்துக்கு வந்துவிட்டது. எந்தக் காளையின் விந்தைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒருவர்