15ஆம் திகதிக்குள் வந்து சேருங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய டிக்கெட் விவரத்தை அப்பா வாசித்துக் காட்டினார். 23ஆம் திகதி இரவு கட்டுநாயக்கவில் இறங்கி, நத்தார் முடிந்த கையோடு பாசிக்குடாவுக்குப் போவதாகப் போட்டிருக்கிறாய். எல்லாரும் சேர்ந்து வருகிறீர்கள் என்றதுமே வீடு கலகலத்துப் போய்விட்டது. ஆனால் மகள், நாளைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை லீவு கேட்டால் தரமாட்டார்களா?

கொழும்பில் நத்தார் என்பது 25ஆம் திகதிக்கு முந்தின இரண்டு கிழமைதான். அன்றைக்கென்று பார்த்தால் கடைகள் பூட்டு, காலி வீதியே வெறிச்சோடிக் கிடக்கும். அதோடு, ரொறன்ரோவுக்கும் இங்கேயும் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். வந்த முதல் இரண்டு மூன்று நாளும் பிள்ளைகள் இரவெல்லாம் முழித்திருந்து பகலெல்லாம் தூங்குவார்கள். அவர்கள் எழும்பி உட்காரும்போது எல்லாம் முடிந்திருக்கும். முதல்முறையாக வருகிற பிள்ளைகள். அப்படி ஆகக் கூடாது.

15ஆம் திகதிக்குள் வந்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதல் வேலை பாலன் இயேசுவின் குடில். வந்த மறுநாளே சின்னவனின் கையில் ஒரு பிடி குரக்கனைக் கொடுத்து, பால்மாப் பேணி மூடிகளில் ஈரமண் போட்டு விதைக்கச் சொல்வேன். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மூன்றாம் நாள் வெள்ளையாக முனை தெரியும். ஒரு கிழமையில் விரல் நீளத்துக்குப் பச்சைப் புல். அதைத்தான் குடிலைச் சுற்றி வயல் மாதிரி வைப்போம். நீயும் உன் தம்பியும் யாருடைய புல் உயரம் என்று சண்டை பிடித்ததெல்லாம் இந்த விறாந்தையில்தானே. கடையில் பிளாஸ்டிக் புல் கிடைக்கிறது, எனக்கு அது வேண்டாம். பிள்ளை விதைத்த புல்லுக்கு நடுவில் பாலனை வைப்பதைப் பிள்ளையே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 23ஆம் திகதி இறங்கினால் அதற்கு நேரமே கிடையாது. 16ஆம் திகதியில் இருந்து கோவில்களில் ஒன்பது நாள் செபமான நத்தார் நவநாளும் தொடங்கிவிடும்.

அடுத்தது கேக். முந்திரிப்பருப்பு, உலர்ந்த திராட்சை, செரி, இஞ்சிப் பாகு, பூசணி அல்வா எல்லாம் நறுக்கி பிராந்தியில் ஊறப்போட்டாயிற்று. மாவுக்குப் பதில் ரவை, பன்னீர், தேன், நிறைய மஞ்சள் கரு, எல்லாம் அம்மம்மாவின் அளவுதான். நீங்கள் வருவதற்கு முன்னமே சுட்டு ஆறவைத்துவிடுவேன், அது இருக்க இருக்கத்தான் ருசி. ஆனால் வெட்டிச் சுற்றும் வேலையைப் பெரியவளுக்கென்று விட்டு வைக்கிறேன். விரல் நீளத் துண்டு, முதலில் ஒயில் பேப்பர், அதன் மேல் கலர் செலோபேன். இரண்டு நுனியையும் முறுக்கிக் கத்தரிக்கோலால் குஞ்சம் குஞ்சமாக வெட்ட வேண்டும். கை கொஞ்சம் பிசுபிசுக்கும், பொறுமையும் வேண்டும். முடிந்ததும் தட்டில் அடுக்கி, பயற்றம் பணியாரமும் வாழைப்பழமும் வைத்து, பக்கத்து வீடுகளுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மேல்மாடி முஸ்லிம் குடும்பத்துக்கு மட்டும் பிராந்தி சேர்க்காமல் தனியாக ஒரு கேக் சுடுவது உனக்குத் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலாப்பம் அங்கிருந்து வராமல் போனதே இல்லை.

புறக்கோட்டைக்கு ஒரு நாள் கட்டாயம் போக வேண்டும். சனிக்கிழமை வேண்டாம், கிழமை நாளில் காலை வெயில் ஏறமுன் போய் வந்துவிடலாம். டிசம்பரில் பிரதான வீதியின் இரண்டு பக்கமும் நடைபாதைக் கடை நிறைந்துவிடும். காகித நட்சத்திரம், லைட் மாலை, நத்தார் தாத்தா தொப்பி எல்லாம் கால் வைக்க இடமில்லாமல் பரப்பி வைத்திருப்பார்கள். கேட்ட விலையைக் கொடுக்காதே, பேரம் பேசு. பையை முன்பக்கம் போட்டுக்கொள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிற பள்ளிவாசலை மருமகனுக்குக் காட்டு. 1909இல் கட்டி முடித்தது, இன்னும் கண்ணைப் பறிக்கிறது. வாழ்த்து அட்டை வாங்க வேண்டுமென்றால் அங்கேயே வாங்கிவிடு. உடுப்பு வெள்ளவத்தையில் எடுக்கலாம்.

வெளிச்சம் பார்க்க ஒரு மாலை போதும். ஹோட்டல்களும் பெரிய கடைத்தொகுதிகளும் பெரிய பெரிய மரம் வைப்பார்கள், பிள்ளைகள் படம் எடுப்பார்கள், சரி. 2016இல் காலிமுகத்திடலில் 72.1 மீற்றர் உயரத்தில் செயற்கை நத்தார் மரம் கட்டிக் கின்னஸில் இடம் பிடித்தது உனக்கு நினைவிருக்கும். வீண்செலவு என்று கர்தினால் கண்டித்து, வேலை நின்று, பிறகு தொடர்ந்தது. அவர் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடு. திடலுக்கு மரம் இல்லாமலே போகலாம். கடற்காற்று, பட்டம், இறால் வடை. அங்கே 1859இல் வைத்த ஒரு கல் உண்டு. கவர்னர் ஹென்றி வார்ட் இந்தத் திடலைக் கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நன்மைக்காகத் தனக்குப் பின்னால் வருகிறவர்களிடம் ஒப்படைப்பதாக அதில் எழுதியிருக்கிறது. பெரியவளை வாசிக்கச் சொல். தாமரைக் கோபுரம் 2022இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள், சின்னவன் கேட்டால் ஏற்றிக் காட்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் கூட, அதைத் தெரிந்துகொண்டு போ.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவோம். அது என் நேர்த்தி. ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்திருந்த சுவாமியார் ஒருவர் கடல் அரிப்பை நிறுத்தச் சிலுவை நட்டு மன்றாடிய கதையை நீ சின்னதில் கேட்டதுதான், பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லு. 2019 ஏப்ரல் 21 பற்றியும் பெரியவளுக்குச் சொல்ல வேண்டும். அவளுக்கு விளங்கும் வயது. உயிர்த்த ஞாயிறு பூசையில் குண்டு வெடித்த கோவிலை அந்த ஜூனிலேயே திருத்தித் திறந்தார்கள். சனம் திரும்பி வந்தது. அன்றைக்குப் பிறகு எந்தக் கோவிலிலும் பெருநாள் என்றால் வாசலில் பொலிசும் ஆமியும் நிற்கும், பையைத் திறந்து பார்ப்பார்கள். பெரிய பை கொண்டுவராதே.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பொன்னம்பலவாணேஸ்வரம் சிவன் கோவில். மார்கழி பிறந்ததும் விடியற்காலைப் பூசை, திருவெம்பாவை எல்லாம் நடக்கும். மருமகன் சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர், அவருக்கு அந்தக் கருங்கல் மண்டபத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும். நீங்கள் அங்கே போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் கூட வருகிறேன். நேரம் இருந்தால் வுல்பெண்டால் தேவாலயத்தையும் பாருங்கள். ஒல்லாந்தர் 1757இல் திறந்தது. சுவர் தடிப்பு, உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். மத்தியானத்திலும் குளிர்ந்திருக்கும்.

24ஆம் திகதி எங்கேயும் போகவேண்டாம். பகலில் பிள்ளைகளைப் படுக்கவைத்து, இரவு பத்தரைக்கு எழுப்பு. லூசியம்மாள் பேராலயத்துக்கு நடந்தே போகலாம், பிந்தினால் இடம் கிடைக்காது. நடுச்சாமப் பூசையில் ‘உன்னதங்களிலே’ கீதம் பாடத் தொடங்கும்போது மணிகள் அடிக்கும், சுவாமியார் பாலனைக் குடிலில் வைப்பார். வெளியே வந்ததும் கொட்டாஞ்சேனை முழுக்கச் சீனவெடி. சின்னவன் பயந்தால் அப்பா தூக்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து நம் குடிலில் அவனே பாலனை வைக்கட்டும். அதன் பிறகு ஒல்லாந்தர் வழிவந்த இனிப்புப் பாணான புரூடர், பட்டர், சிவப்புத் தோல் சீஸ். புரூடரைப் பேக்கரியில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

26ஆம் திகதி காலை 9.25க்கு சுனாமியில் போனவர்களுக்காக நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனமாக இருப்பார்கள். அதை முடித்துக்கொண்டு நீர்கொழும்புக்குப் போகலாம். அங்கே மீனவர் தெருக்களில் கட்டியிருக்கும் குடில்களைப் பார்த்தால் ஒரு நாள் போதாது.

பாசிக்குடாவைப் பற்றியும் யோசி. அந்தப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று மழை, கடலும் கொந்தளிப்பு. கடல்தான் வேண்டுமென்றால் காலி, மிரிஸ்ஸ பக்கம் போங்கள், அங்கே அப்போது நல்ல காலம்.

இங்கே பகலில் முப்பது பாகை வெயில், பின்னேரம் சில நாள் மழை. பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டையும் குடையும் போதும், தடித்த உடுப்பு ஒன்றும் கொண்டுவராதே. பெட்டியில் இடம் விட்டு வா. சம்பந்தியம்மாவுக்கும் ஒரு பெட்டி கேக் கட்டித் தரப்போகிறேன். அவர் முட்டை சாப்பிடுவாரா என்று கேட்டு இந்தக் கிழமைக்குள் சொல்லு. சாப்பிடாவிட்டால் அவருக்குப் பயற்றம் பணியாரம் கூடச் சுட வேண்டும்.

அன்புடன்,
அம்மா