அப்பாவின் முதுகும் இதயமும்

பினாங்கு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

அப்பாவின் முதுகு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பேச்சில் சொல்லத் தொடங்கினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் வயசு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

முதுகுத்தண்டின் உள்ளே, நரம்புகளை ஒட்டி ஓடும் மஞ்சள் நிறத் தசைநார் ஒன்று உண்டு. அது தடித்து நரம்புகளை நெரித்ததால்தான், பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி மட்டுமே அவரால் நடக்க முடிந்தது. வெட்டியெடுத்த தசைநாரைப் பெரும்பாலும் கழிவோடு எறிந்துவிடுவார்கள். தாதியாக வேலை செய்த காலத்தில் நானே அப்படி எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன். இம்முறை ஓர் இளம் மருத்துவர், கை மரத்துப்போனதற்காக அப்பாவின் இரண்டு மணிக்கட்டிலும் செய்த அறுவையின் பழைய தழும்புகளையும், எரிவாயுத் தோம்பைத் தூக்கியபோது தசைநாண் அறுந்து உருண்டையாகிப்போன புஜத்தையும் பார்த்துவிட்டு, அந்தத் துண்டைச் சோதனைக்கு அனுப்பினார். காங்கோ ரெட் சாயம் ஏற்றிப் பார்த்ததில் அமிலாய்டு, அதாவது உருக்குலைந்த புரத இழைகள், படிந்திருப்பது தெரிந்தது.

கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம், தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ சத்தையும் இரத்தத்தில் சுமந்து செல்வது. நான்கு கூறுகள் ஒன்றாகச் சேர்ந்த அந்தப் புரதம் முதுமையில் சிலருக்கு, அதிலும் ஆண்களுக்கு அதிகமாக, பிரிந்து உருக்குலைந்து இழைகளாகப் படிகிறது. முதலில் மணிக்கட்டு, தசைநாண், முதுகுத் தசைநார். அதற்கு ஐந்து பத்து ஆண்டுகள் கழித்தும்கூட இதயத் தசை. கையில் மரத்துப்போனதற்கு ஒருவரிடமும் முதுகுக்கு இன்னொருவரிடமும் போனோம்; இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

தசைநாரில் அமிலாய்டு இருப்பவர்கள் எல்லோருக்கும் இதயம் கெடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகுத் தொல்லை உள்ள முதியவர்கள் பலரிடம் அது காணப்படுவதுதான். ஆனால் அப்பாவுக்கு இதய ஸ்கேனில் சுவர் 15 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது; 12-ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். சுவர் அவ்வளவு தடித்தும் இசிஜி கோடுகள் சிறுத்தே இருக்கின்றன. பல ஆண்டுகளாகச் சாப்பிட்ட இரத்த அழுத்த மாத்திரையை, தலைசுற்றலால் சென்ற ஆண்டு நிறுத்த வேண்டியிருந்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளில் பாதியைக்கூட ஏறாமல் மூச்சு வாங்க உட்கார்ந்தாரே, கால்வலி என்றுதான் உன்னிடமும் சொன்னார்.

இதயம் இரத்தத்தை வெளியேற்றும் அளவு 55 விழுக்காடு என்று அறிக்கையில் இருப்பதைப் பார்த்து, "பாஸ் மார்க்" என்று பெருமைப்படுகிறார். சுருங்கும் வலு குறையாமலே, விறைத்துப்போன இதயம் தளர்ந்து இரத்தத்தை வாங்க முடியாமல் செயலிழக்கும் என்பதை எப்படிச் சொன்னாலும் அவர் கேட்கவில்லை. படித்த மனிதருக்கு எண்கள்மேல் இருக்கும் பிடிவாதம் உனக்குத் தெரியாததல்ல.

அடுத்து டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் ஸ்கேனும், கூடவே வேறு வகை அமிலாய்டு இல்லை என்று உறுதிசெய்ய இரத்த, சிறுநீர்ச் சோதனைகளும் தேவை. நோய் உறுதியானால் டஃபாமிடிஸ் என்ற மருந்து இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் இதய நோய்க்கு அனுமதி பெற்றது. புரதத்தின் நான்கு கூறுகளும் பிரியாமல் அது பிடித்துவைக்கும், படிந்துவிட்டதைக் கரைக்காது. ஆகவே நாள் கடத்துவதில் நமக்குத்தான் நட்டம். விலை மிக அதிகம். அதைப் பிறகு பேசலாம்.

மரபணுச் சோதனையும் எடுக்கச் சொல்வார்கள். முதுமையில் வரும் வகை பிள்ளைகளுக்குத் தொடர்வதில்லை. ஆனால் மரபணு மாற்றத்தால் வரும் வகையும் உண்டு என்பதால், அந்த முடிவு உனக்கும் உன் தங்கைக்கும் தெரிய வேண்டும்.

ஸ்கேனுக்கு அடுத்த மாதம் நாள் கேட்டிருக்கிறேன். முதுகுப் புண் ஆறட்டும் என்று தள்ளிப்போடப் பார்க்கிறார். புதன் இரவு நீயே அவரை அழைத்து, உனக்காக எடுத்துக்கொள்ளச் சொல். அவருக்காக என்றால் மறுப்பார்.

அன்புடன்,
அம்மா