ஆட்டம் முடிந்தபின் ஒரு ரயில்: நேரம் குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை ஆட்டங்களுக்கு நேரம் குறிக்கும் அதிகாரிகளுக்கும், அந்த ஊர்களிலிருந்து கிளம்பும் கடைசி ரயிலுக்கு நேரம் குறிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இரண்டு தரப்பையும் ஒரே மடலில் கூப்பிடுவதற்குக் காரணம், நீங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்பதுதான். முகூர்த்தம் குறித்துக் கொடுப்பவர் ஒருவர், மண்டபம் பிடிப்பவர் இன்னொருவர், இரண்டு பேரும் போனில்கூடப் பேசவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். பல வருடமாக நாங்கள் அப்படித்தான் நிற்கிறோம். இதை முதலில் ஜெர்மன் மொழியில் எழுதி இரு தரப்புக்கும் அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்தும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரப் பதில் வந்தது, ஒன்று நாலு நிமிடத்தில், இன்னொன்று ஆறு வாரத்தில். சரி, தமிழிலேயே எழுதிவிடுவோம், நம்ம ஆட்களாவது படிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருக்கிறேன். பதினோரு வருடமாக விடுமுறையையும் மிச்சம் பிடித்த காசையும் சேர்த்துவைத்து ரயிலேறி ஆட்டம் பார்க்கப் போகிறவன். டோர்ட்மண்டின் தெற்கு ஸ்டாண்டில் கிட்டத்தட்ட 25,000 பேரோடு நின்றிருக்கிறேன், பாசலில் மைதானத்தை ஒட்டியே இருக்கும் நிலையத்தில் இறங்கி நடந்திருக்கிறேன், மிலானில் கடைசி மெட்ரோவுக்காக ஓடியிருக்கிறேன். விமானம் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ரயில்தான் பிடிக்கும், நீங்களும் ரயிலில் வாருங்கள், பூமிக்கு நல்லது என்று விளம்பரம் செய்கிறீர்கள். வருகிறோம், ஐயா. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

பின்னணி எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதனால் ஒரே ஒரு இரவை மட்டும் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி ரயில் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஊர் நிலைய மேலாளருக்கு ஒரு ஓலை போகும், மற்ற ஊர்கள் எப்போதும்போல இருக்கும்.

ஈஸ்டர் விடுமுறை, வியாழக்கிழமை. நாக் அவுட் சுற்று, இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டித்தான் வெற்றி. அதில் இரண்டாவது ஆட்டம், தொடக்கம் இரவு 9 மணி. நானும் பன்னிரண்டு வயது மகனும் இரண்டு இடத்தில் ரயில் மாறி, மூன்று மணி நேரம் பயணம் செய்து போயிருந்தோம். உள்ளூர் அணிதான் அவனுடைய அணி, முதல் ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வரும் கடைசி ரயில் 23:04. மைதானத்திலிருந்து நிலையத்துக்கு டிராமில் கால் மணி நேரம். ஆக 81ஆவது நிமிடத்தில் எழுந்தோம். "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று பதினாறு பேருடைய முழங்காலைத் தாண்டி வெளியே வந்தோம். வரிசைக் கடைசியில் இருந்த பெரியவர் ஒருவர் என் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது பரிதாபமா வெறுப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

டிராம் நிறுத்தத்தில் நிற்கிறோம். எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம். நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, யாரு போட்டது?" என்றான். நான் என்ன சொல்ல? டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்து, கோலை முதுகுக்குப் பின்னால் கேட்டோம்.

அதோடு போயிருந்தால் இந்த மடல் இல்லை. நிலையத்துக்குப் போனால் பலகையில் 23:04 ரயில் பத்து நிமிடம் தாமதம். அப்புறம் இருபத்தைந்து. அப்புறம் நாற்பது. அப்புறம் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு: ரத்து. இதற்குள் அங்கே ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. வராத ரயிலின் நடைமேடையில் நின்றுகொண்டு, சார்ஜ் ஒன்பது சதவீதம் இருந்த கைபேசியில் நாங்கள் பெனால்டி ஷூட்டவுட் பார்த்தோம். மைதானத்தில் எங்கள் இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.

நள்ளிரவு தாண்டி, முழு ஆட்டத்தையும் பார்த்தவர்கள் மேளத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு மணிக்குக் காவலர் வந்து நிலையத்தை மூட வேண்டும் என்றார். மரியாதையான மனிதர், இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். கதவு மூடியதும் பாதியில் ஓடிவந்தவனும் கடைசிவரை பார்த்தவனும் ஒரே வாசல்படியில். வெளியே இருக்கும் பெஞ்சில் யாரும் படுத்துவிடக் கூடாது என்று நடுநடுவே இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறீர்கள், அதைப் போட்டவருக்கு முதுகே கிடையாது போல. அணியின் சால்வையைத்தான் அவன் காதைச் சுற்றிக் கட்டினேன். கழிப்பறைக்குப் பூட்டு. மூன்றரை மணிக்குப் பக்கத்து ரொட்டிக் கடையில் விளக்கு எரிந்தது. மாவு அப்பிய கையோடு ஒரு அம்மா ஷட்டரைப் பாதி தூக்கி, பையனை மட்டும் உள்ளே வரச் சொன்னார். திரும்பி வரும்போது அவன் கையில் சுடச்சுட ஒரு பன் இருந்தது. அடுத்த ரயில் 4:52.

எனக்கு இழப்பீடு கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. 2023 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம். என் டிக்கெட் 14.50 யூரோ, ஆகவே 7.25 யூரோ கணக்கில் ஏறியது. அதே விதியில், ராத்திரி தங்க வேண்டிய நிலை வந்தால், முடிந்த இடத்தில் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. படித்திருக்கிறேன். யாரிடம் போய்க் கேட்பது? கவுன்ட்டர் இரவு ஒன்பதுக்கு மூடியாயிற்று, அதாவது ஆட்டம் தொடங்கும்போதே.

என் கோரிக்கை ஒன்றுதான். ஆட்டம் முடிந்தபின் ஒரு ரயில் விடுங்கள். அது முடியாது என்றால் ஆட்டத்தை முன்னால் தொடங்குங்கள். இரண்டில் ஒன்று.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். சாம்பியன்ஸ் லீக்கின் 2026 இறுதி ஆட்டத்தை, புடாபெஸ்டில் மே 30 அன்று, வழக்கமான இரவு 9 மணிக்குப் பதில் மாலை 6 மணிக்கு வைப்பதாக 2025-இலேயே அறிவித்தீர்கள். குடும்பங்களும் குழந்தைகளும் வர வசதி, முடிந்தபின் பொதுப் போக்குவரத்துக் கிடைக்கும் என்று காரணமும் சொன்னீர்கள். படித்து மகிழ்ந்தேன். ஆனால் இறுதி ஆட்டத்துக்கு வருகிறவனுக்கு மட்டும்தான் பிள்ளை குட்டி உண்டா? பிப்ரவரிக் குளிரில், செவ்வாய்க்கிழமை இரவு 9 மணி ஆட்டத்துக்கு வருகிறவன் எப்படி வீடு போவான்? இரண்டு ஆட்டத்தையும் கூட்டி கோல் சமமானால், வெளியூரில் அதிகக் கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதியையும் 2021-இல் எடுத்துவிட்டீர்கள். நல்ல முடிவுதான், நானும் ஆதரித்தேன். ஆனால் முன்பு அந்த விதியால் தீர்ந்துபோன ஆட்டங்களும் இப்போது கூடுதல் நேரத்துக்குப் போகின்றன, பெனால்டி முடிய ராத்திரி பதினொன்றே முக்கால் ஆகிறது. ஆட்டம் நீண்டது. கடைசி ரயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ரயில் தரப்புக்கும் ஒரு உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் நடந்த பெண்கள் யூரோ கால்பந்துப் போட்டியில் ஆட்ட டிக்கெட்டே ரயில் டிக்கெட்டாகவும் இருந்தது, ஆட்ட நாளில் நாடு முழுக்க எங்கிருந்தும் இரண்டாம் வகுப்பில் போய்வரலாம். ஆறரை லட்சம் பேருக்கு மேல் ஆட்டம் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வருடம் இங்கே ஜெர்மனியில் ஆண்கள் யூரோவின்போது, ஏற்பாடுகளுக்குத் தலைமை தாங்கிய ஃபிலிப் லாம் தானே ரயில் தாமதத்தால் டுசெல்டார்ஃபில் உக்ரைன்–ஸ்லோவாக்கியா ஆட்டத்துக்கு நேரம் கழித்து வந்து சேர்ந்தார். கல்யாண வீட்டுக்காரரே பந்தி முடியும்போது வந்தால் விருந்தாளி என்ன செய்வான்?

தப்பு எப்போதும் எங்கள் தலையில் விழுவது இன்னொரு வேடிக்கை. 2022 மே மாதம் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தன்று ஒரு புறநகர் ரயில் பாதையில் வேலைநிறுத்தம், கூட்டம் இன்னொரு பாதைக்குத் திரும்பி ஒரே குறுகலான வழியில் நெரிந்தது. ஆட்டம் 36 நிமிடம் தாமதம். மைதானத் திரையில் போட்டது என்ன? ரசிகர்கள் தாமதமாக வந்ததால் என்று! ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து விசாரணைக் குழு, முதன்மைப் பொறுப்பு நடத்தியவர்களுடையது என்று சொன்னது.

சொல்ல ஆரம்பித்தால் நீளும். 33 நாட்டுக்கு ஒரே ரயில் பாஸ் என்று வாங்கினால், பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அதிவேக ரயிலில் ஏறத் தனியாக இருக்கைக் கட்டணம். அரை வருடம் முன்பே பதிவு செய்தால் மலிவு என்கிறீர்கள், ஆட்டத் தேதியோ ஆகஸ்ட் கடைசியில் வருகிறது, செப்டம்பர் நடுவில் முதல் ஆட்டம்! ராத்திரி ரயிலாவது இருந்ததே என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய பாரிஸ்–வியன்னா இரவு ரயிலை 2025 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், பிரான்ஸ் அரசு மானியம் தராததால். ஹோட்டலில் தங்க வேண்டியதுதானே என்பார்கள். ஆட்ட நாளில் அந்த ஊர்களில் அறை வாடகையைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். ஜெர்மன் லீக்கில் திங்கட்கிழமை ஆட்டம் வேண்டாம், வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான் என்று 2018-இல் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்தை வீசினார்கள், 81,000 பேர் கொள்ளும் டோர்ட்மண்ட் மைதானத்துக்கே ஒரு திங்களன்று 54,000 பேர்தான் வந்தார்கள். 2021-22 பருவத்திலிருந்து திங்கள் ஆட்டம் போயே போயிற்று. நான் எதையும் வீசப் போவதில்லை. வீசத் தெம்பும் இல்லை, அன்றைக்குப் பிடித்த முதுகு இன்னும் சரியாகவில்லை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஆட்டம் 9 மணிக்கு என்றால், பெனால்டிவரை போனாலும் பிடிக்கிற மாதிரி, நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேல் சுற்று வட்டாரப் பெரிய ஊர்களுக்கு ஊருக்கொரு ரயில் நிறுத்திவையுங்கள். இரண்டு பெட்டி போதும், நின்றுகொண்டே வருகிறோம். ரயில் தர முடியாத ஊரில் மாலை 6:45-க்கு ஆட்டத்தைத் தொடங்குங்கள், அந்த நேரத்திலும் நீங்கள் ஆட்டம் நடத்துகிறவர்கள்தானே. அட்டவணை போடும் நாளில் ஒரு தரப்பு இன்னொரு தரப்புக்கு ஒரு போன் செய்தால் பாதி வேலை முடிந்தது.

வருகிற வசந்தத்தில் அதே மைதானத்துக்கு மகனைக் கூட்டிப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். 81ஆவது நிமிடத்தில் எழுந்திருக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டான். பதில் எழுதுவதானால் நீளமாக வேண்டாம், ரயில் புறப்படும் நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
நிலைய வாசல்படியில் விடிந்த இருவரில் ஒருவன்