குட்டியின் எக்ஸிமா: க்ரீமில் கஞ்சத்தனம் வேண்டாம்

அன்புள்ள கயலுக்கு,

டில்லியிலிருந்து நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். கன்னம் இரண்டும் சொரசொரத்திருக்கின்றன, கை கால்களின் வெளிப்பக்கம் திட்டுத் திட்டாக வறண்டிருக்கிறது, டயாப்பர் கட்டும் இடம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்கு வரும் எக்ஸிமா என்ற தோல் அழற்சியின் லட்சணம் அதுதான். சிரங்காக இருந்தால் விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் இருக்கும், உங்களுக்கும் ராத்திரியில் அரிக்கும். படர்தாமரை வளையமாகத் தடித்து நிற்கும். இது இரண்டும் இல்லை, யாருக்கும் ஒட்டாது. மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததல்லவா, அந்த ஒவ்வாமை உடல்வாகுதான். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. அதனால் வெளியில் இருப்பது எல்லாம் உள்ளே போய் உறுத்துகிறது.

மாய்ஸ்சரைசர் 100 கிராம் டியூப் ஒரு மாதம் வருகிறது என்றாயே, கோளாறு அங்கேதான். இந்த வயதில் உடம்பு முழுக்கப் பூச வாரத்துக்கு 250 கிராமாவது ஆகும். மாதத்துக்கு ஒரு கிலோ. டியூபை விட்டுவிட்டுப் பெரிய டப்பாவாக வாங்கு. வாசனை சேர்க்காததாக இருந்தால் போதும், விலை கூடியது வேண்டியதில்லை. டப்பாவுக்குள் விரலை விடாதே, கையிலுள்ள கிருமி உள்ளே போய்விடும். சுத்தமான ஸ்பூனால் எடுத்துக் கிண்ணத்தில் வைத்துப் பூசு. ரோமம் படிந்திருக்கும் போக்கிலேயே மேலிருந்து கீழாக நீவிவிடு. எதிர்ப்பக்கம் அரக்கித் தேய்த்தால் ரோமக்கால் அடைத்துச் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம் கிளம்பும். பூசி முடித்ததும் தோல் மினுமினுக்க வேண்டும். தோல் நன்றாக இருக்கிற நாளிலும் இரண்டு வேளை உண்டு. சாப்பாடு ஊட்டுவதற்கு முன் வாயைச் சுற்றிக் கொஞ்சம் வாஸலின் தடவிவிட்டால் எச்சிலும் ரசமும் கன்னத்தை எரிக்காது. ஒரு எச்சரிக்கை: வாஸலின் போன்ற பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பூசிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பருகிலும் விளக்கருகிலும் நிற்காதே.

குளியல் தினமும் ஒன்று, ஐந்திலிருந்து பத்து நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீர். டில்லிக் குளிருக்கு கீஸரைக் கூட்டத்தான் தோன்றும். சுடுதண்ணீர் இருக்கிற எண்ணெய்ப் பசையையும் வழித்துவிடும். சோப்பு வேண்டாம், சோப்பில்லாத வாஷ் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காய்வதற்கு முன் க்ரீம் பூசு. பயத்தமாவு, கடலைமாவு, நலங்குமாவு எதுவும் இப்போது வேண்டாமென்று அத்தையிடம் பக்குவமாகச் சொல். உரசல் ஒரு காரணம். விரிசல் விட்ட தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போனால் அதற்கே ஒவ்வாமை உண்டாகலாம் என்பது இன்னொரு காரணம். அங்கே பக்கத்து வீட்டில் கடுகெண்ணெய் மசாஜ் சொல்வார்கள். அதுவும் தோலைக் கெடுக்கும். தேங்காயெண்ணெய் கெடுதல் இல்லை, ஆனால் க்ரீமுக்கு பதிலாகாது. சாம்பிராணிப் புகையும் பவுடரும் வேண்டவே வேண்டாம். ஸ்வெட்டருக்குள்ளே பருத்திச் சட்டை இருக்கட்டும்.

இனி ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் க்ரீம். டாக்டர் ஏழு நாள் போடச் சொன்னதை நீ இரண்டே நாளில் நிறுத்தினாய், மறு வாரமே திரும்ப வந்தது. பயந்து பயந்து துளி வைத்து, சிவப்பு மங்கியதும் நிறுத்தினால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கடைசியில் மொத்தக் கணக்கில் கூடுதலாகத்தான் போட வேண்டிவரும். அளவு இப்படி: உன் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கு. அது சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து உன் உள்ளங்கை இரண்டு பரப்புக்கு அது போதும். குட்டியின் இரண்டு கன்னமும் உன் ஒரு கைக்குள் அடங்கிவிடும், ஆகவே அரைக் கோடு. ஒரு கால் முழுக்க, பாதம் வரை, இருந்தால் இரண்டு கோடு. ஸ்டீராய்டுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் நடுவில் இருபது நிமிடம் விடு. ஒன்றன்மேல் ஒன்று பூசினால் மருந்து கலைந்து, வேண்டாத இடத்துக்கும் பரவும்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதே. நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார். சொரசொரப்பு போய்ப் பக்கத்துத் தோல் மாதிரியே ஆனபின் இன்னும் இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்து. டாக்டர் சொன்ன நாளைத் தாண்டியும் ஆறவில்லையென்றால் நீயாக நீட்டாதே, அவரிடம் காட்டு. ஆறிய இடம் வெளுத்திருந்தால் மருந்தைத் திட்டாதே, பெரும்பாலும் அது அழற்சி விட்டுப்போன சுவடு. சில மாதத்தில் நிறம் திரும்பும்.

தோல் மெலியும் என்ற பயம் பொய்யில்லை. வீரியமான மருந்தை முகத்திலும் மடிப்புகளிலும் மாதக்கணக்கில் போட்டால் மெலியும். அதனால்தான் முகத்துக்கு 1% ஹைட்ரோகார்ட்டிசோன், கை காலுக்கு க்ளோபெட்டசோன் என்று இரண்டு டியூப் எழுதியிருக்கிறார். கடையில் வாங்கும்போது பெயரைக் கடைசி எழுத்துவரை படி. க்ளோபெட்டசால் என்பது வேறு, ஸ்டீராய்டு க்ரீம்களிலேயே மிக வீரியமானது அது. பூஞ்சை, பாக்டீரியா, அரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்று கடைக்காரர் நீட்டும் கலவை க்ரீம்களில் பலவற்றில் அதுதான் இருக்கும். திருப்பிக் கொடுத்துவிடு. அரிப்புக்கென்று தூக்க சிரப்பும் கேட்டு வாங்காதே, அது எக்ஸிமாவை ஆற்றாது. நகத்தை ஒட்ட வெட்டிவிடு.

மஞ்சளாகப் பொருக்குக் கட்டி நீர் வடிந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது, டாக்டரிடம் காட்டு. ஒரே அளவில் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து, குழித்த புண்ணாகி, பிள்ளை காய்ச்சலோடு சிணுங்கினால் மறுநாள் வரை காத்திருக்காதே. அது ஹெர்பிஸ் வைரஸ். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போ. அதே வைரஸால் உதட்டோரம் அக்கி மாதிரிக் கொப்புளம் உள்ளவர் யாரும் அவனை முத்தமிட விடாதே.

கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காய், கருவாடு, மீன் எல்லாவற்றையும் பால் கொடுக்கிற உனக்கே நிறுத்தச் சொல்வார்கள். தேவையில்லை. அவனுக்கும் முட்டை, பாலை நீயாக நிறுத்தாதே. சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பிறகு கொடுத்தால்தான் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை வருகிறது. தின்ற சில நிமிடத்தில் தடிப்பும் வாந்தியும் வந்தால் மட்டும் அந்தப் பண்டத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் சொல். மூச்சு இரைத்தால் நேரே ஆஸ்பத்திரி.

அடுத்த முறை போகும்போது ஒன்று கேள்: மாதாமாதம் அதே இடத்தில் திரும்ப வருகிறதே, ஆறின பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த இடத்தில் ஸ்டீராய்டு வைக்கலாமா என்று. பல டாக்டர்கள் சொல்லும் முறைதான் அது. போகும்போது காலி டியூப்களையும் எடுத்துப் போ. மாதத்துக்கு எத்தனை தீர்ந்தது என்று பார்த்தால் அவருக்கே புரியும்.

அன்புடன்,
அம்மா