மண்டபத்துக் கதவு வெளியே திறக்கட்டும், அப்பா

ரோஸ் ஹில், மொரிசியஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஊரில் கட்டுகிற கல்யாண மண்டபத்தின் கதவு வேலை உங்களுக்கு வந்திருப்பதாகத் தம்பி போனில் சொன்னான். ரொம்பச் சந்தோஷம். வாசக்காலுக்கு மரம் அறுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நம் பக்கம் வாசல் கதவு என்றால் உள்ளே தள்ளித் திறப்பதுதான். திண்ணையில் ஆள் உட்கார்ந்திருப்பார்கள், வாசலில் கோலம் இருக்கும், கதவு வெளியே வந்தால் இடிக்கும். அந்த வழக்கத்தில் குறை இல்லை. ஆனால் இங்கே புயலுக்குப் பயந்து கட்டிய வீடுகளில் வேலை செய்த பிறகு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

வெளியே திறக்கும் கதவைக் காற்று தள்ளினால், அது நிலையின் காடியில், அதாவது கதவு பதிவதற்குச் செதுக்கிய பள்ளத்தில், இன்னும் இறுக்கமாகப் போய் உட்காரும். தள்ளுகிற பாரத்தை நிலை முழுவதும் வாங்கிக்கொள்ளும். உள்ளே திறக்கும் கதவில் அத்தனை பாரமும் தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும்தான். 2018-இல் கஜா புயல் அடித்த இரவை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டில் முதலில் தெறித்தது தாழ்ப்பாள். கதவு உள்ளே விழுந்து, காற்று புகுந்து, அப்புறம்தான் கூரை கிளம்பியது. கூரையைக் கீழே இருந்து தூக்கியது அந்தக் காற்றுதான்.

நான் இங்கே தங்கியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டியின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். கோவிலில் தேவாரம் பாடுவார், வீட்டில் பேசுவது இந்த ஊர் மொழியான கிரியோல். 1960-இல் கரோல் புயல் அடித்தபோது அவர் சிறுமி. மணிக்கு 256 கிலோமீட்டர் வரை காற்று வீசியதாம். அதற்குப் பிறகுதான் இங்கே தட்டையான கான்கிரீட் கூரை வீடுகள் பெருகின. பழைய மர வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு பலகைக் கதவு உண்டு, புயல் எச்சரிக்கை வந்தால் அதை இழுத்துச் சாத்துவார்கள். மோக்காவில் யுரேக்கா என்று 1830-ஆம் ஆண்டு வீடு ஒன்று இருக்கிறது. கதவும் ஜன்னலுமாக 109. உங்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

வெளியே திறப்பதிலும் சங்கடங்கள் உண்டு. கீல் வெளியே தெரியும், திருடன் ஆணியைத் தட்டி எடுத்துவிடுவான். அதனால் ஆணி கழற்ற முடியாத கீல் வேண்டும். புயலின் கண், அதாவது நடுவில் காற்று ஓய்ந்திருக்கும் பகுதி, கடந்ததும் காற்று எதிர்ப்பக்கம் திரும்பி, கதவை வெளியே இழுக்கும். ஆகவே மேலும் கீழும் தாழ்ப்பாள் கட்டாயம். வாசலில் தென்னை விழுந்தால் கதவு திறக்காது. வெள்ளமும் அப்படித்தான். வெளியே மட்டும் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால், மூன்றடிக் கதவின் மேல் ஏறக்குறைய 450 கிலோ அழுத்தும். எனவே மண்டபத்துக்கு இரண்டு பக்கமாவது வழி விடச் சொல்லுங்கள். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

காற்றைவிட எனக்குப் பெரிய பயம் கூட்டம்தான். 1883-இல் இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் ஊரில் ஒரு அரங்கில் பரிசு கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் மாடியிலிருந்து படியில் ஓடிவந்தார்கள். கீழே இருந்த கதவு அவர்கள் பக்கமாகத் திறப்பது. ஒவ்வொருவராக வரட்டும் என்று கொஞ்சம் மட்டும் திறந்து தாழ் போட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்க, கதவை இழுத்துத் திறக்க இடமே இல்லாமல் போனது. 183 பிள்ளைகள் இறந்தார்கள். கைபட்டு அழுத்தினாலே திறக்கிற குறுக்குக் கம்பிப் பூட்டு பிற்பாடு வந்ததற்கு இந்தச் சாவுகளே காரணம்.

நம் மண்டபத்தில் பந்திக்கு எத்தனை பேர் நெருக்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். சமையல்கட்டில் தீப்பிடித்தால் எல்லோரும் ஒரே வாசலுக்குத்தான் ஓடுவார்கள். அவர்கள் மோதுகிற பக்கமே கதவு திறக்க வேண்டும். முகப்புக்கு நீங்கள் செதுக்குகிற இரட்டைக் கதவின் அழகு இதனால் ஒன்றும் குறையாது. படியில் ஒரு கதவு அகலத்துக்கு மேடை விட்டால் போதும். கமிட்டிக்காரர்கள் மறுத்தால் கஜா இரவைச் சொல்லுங்கள்.

நிலையின் அகலமும் பலகையின் கனமும் எழுதி அனுப்புங்கள். குறுக்குக் கம்பி இங்கே கிடைக்கிறது, பொங்கலுக்கு ஊர் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உளி பிடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்