குறைந்துபோன ஓர் அட்டை

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகன் தம்பிக்கு, அப்பச்சி எழுதுவது.

பிள்ளையார் நோன்புக்கு வந்து நீ திரும்பிய மறுநாள் என் மாத்திரை டப்பாவில் ஓர் அட்டை குறைந்தது. எங்கே வைத்தாய் என்று உன் ஆத்தாளைக்கூடக் கடிந்துகொண்டேன். நேற்று மருமகள் போனில் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறாய். நீர் சொட்டுச் சொட்டாகப் பிரிகிறது. வெளியே சொல்லக் கூச்சம். அப்பச்சிக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று எடுத்துப் போயிருக்கிறாய். எனக்குக் கோபமில்லை தம்பி, பயம்தான்.

அது என் புரோஸ்டேட் வீக்கத்துக்கான கேப்ஸ்யூல். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பி. அந்தக் கேப்ஸ்யூலில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. டாம்சுலோசின் சிறுநீர்ப்பையின் வாயையும் புரோஸ்டேட் சுரப்பியையும் இறுக்கும் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே குணம் தெரியும். டூட்டாஸ்டிரைடு சுரப்பியை மெல்லச் சுருக்கும், அதற்கு மாதக்கணக்காகும். ஆனால் உனக்கு இருப்பது புரோஸ்டேட் வீக்கம்தானா? சர்க்கரை நோயிலும் அடிக்கடி நீர் போகும், தொற்றிலும் போகும். புரோஸ்டேட் புற்றுநோயும் சில நேரம் இப்படித்தான் காட்டும். அந்தப் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கப் பி.எஸ்.ஏ. என்றொரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. டூட்டாஸ்டிரைடை ஆறு மாதம் சாப்பிட்டால் அந்த அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். நீ சாப்பிடுவது டாக்டருக்குத் தெரியாவிட்டால், குறைந்த எண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து தொடங்கிய முதல் வாரம், நள்ளிரவில் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்து கொல்லைப்புறம் நடந்தேன். இரண்டாம் கட்டு நிலைப்படியைத் தாண்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை தேக்குத் தூணில் பட்டதால் பிழைத்தேன். கீழே ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்திருந்தால் இடுப்பு எலும்பு போயிருக்கும். டாம்சுலோசின் இரத்த அழுத்தத்தை இறக்கும். இப்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஊன்றிப் பார்த்த பிறகுதான் எழுகிறேன். நீயோ ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன்.

போன மழைக்காலத்தில் சளிக்குக் கடையில் நானே ஒரு மாத்திரை கேட்டு வாங்கினேன். அன்றிரவு ஒரு சொட்டு நீர் பிரியவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. விடியற்காலையில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் புரோஸ்டேட் உள்ளவர்களுக்கு நீரையே அடைத்துவிடும் என்று அப்போதுதான் அறிந்தேன்.

பேத்தி மசக்கையோடு உன் வீட்டில்தான் இருக்கிறாள். கேப்ஸ்யூல் உடைந்து மருந்து அவள் கையில் பட்டால் தோல் வழியாகவே உள்ளே போகும். வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியைக் கெடுக்கும். அவள் கைக்கு எட்டாமல் அட்டையை இன்றே எடுத்து வை. நீ வருடா வருடம் இரத்ததானம் செய்கிறவன். டூட்டாஸ்டிரைடை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை கொடுக்கக் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கும் போகலாம் அல்லவா?

இனி ஒன்றுகூட விழுங்காதே. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) போ. பிரஷர் மாத்திரை, தாம்பத்தியத்துக்கென்று ஏதாவது சாப்பிட்டால் அது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடு. தகப்பன் இதை எழுதுகிறானே என்று நினைக்காதே. அந்த மருந்தும் இதுவும் சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும். அவர் இதையே எழுதிக் கொடுத்தால் நாள்தோறும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்து, மெல்லாமல், உடைக்காமல் விழுங்கு. பிற்காலத்தில் கண்புரை அறுவை வந்தால் கண் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். கருமணியைச் சுற்றிய சவ்வு தளர்ந்து அறுவையின்போது தொல்லை கொடுக்கும் என்று என்னிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

டாக்டரைப் பார்த்த அன்றே போன் செய். சாயங்காலம் ஆறு மணிக்கு முகப்பில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆத்தாள் பக்கத்தில் இல்லாத நேரம் அது.

அன்புடன்,
அப்பச்சி